வீடு பூட்டியிருந்தது

ஐந்து மாதமாக என் பதிவேட்டில்
இந்தத் தெருவுக்கு ஒரே வாசகம்:
வீடு பூட்டியிருந்தது.

பத்து மணிக்குப் போவேன்.
கொடியில் ஈரச்சேலை சொட்டும்,
வாசலில் குடம் கவிழ்ந்திருக்கும்,
கூப்பிட்டால் பூட்டு மட்டும் ஆடும்.
விருமாயி, 170க்கு 100.
ஒச்சம்மாள், 184க்கு 110.
கடைசியாக அளந்தது மாசியில்.
இப்போது ஆடி, காய் எடுப்பு.

அதனால்தான்
விடிய இன்னும் நேரமிருக்கையில்
ஜீப்புகள் உறுமும் முக்கில் நிற்கிறேன்,
டீக்கடையில் இரவல் வாங்கிய
கால் ஒடிந்த நாற்காலியோடு.

உட்காருங்கக்கா.
காலைக் குறுக்கே போடாதீங்க.
அஞ்சு நிமிஷம் பேசாம இருக்கணும்.

அஞ்சு நிமிஷமா?
சின்னமாயன் ஆரன் அடிக்கிறான்.
பதினாறு பேர் ஏறும் வண்டியில்
இடம் பிடிக்காதவளுக்கு
படியில் ஒரு கால்,
மலைக்காற்றில் ஒரு கால்.

சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை.
சுருட்டினால் கை இறுகும், கழற்ற நேரமில்லை.
சட்டையோடு சுற்றினேன், தப்பு என்று தெரிந்தே.
இயந்திரம் மூச்சை இழுத்துப் பிடிக்கிறது.
பிறகு எண்கள் இறங்குகின்றன,
பாரவண்டி கொண்டை ஊசியில் இறங்குவதுபோல,
பிரேக் பிடித்துப் பிடித்து.
188இல் நிற்கிறது.

மாத்திரை போடுறீங்களா?
போடுறேன்.
தினமுமா?
ஞாயித்துக்கெழம.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஒச்சம்மாள் சிரிக்கவில்லை.

"அந்த வெள்ளை மாத்திரைய முழுங்குனா
மணிக்கொருதரம் ஒதுங்கணும் தாயி.
ஏலக்காட்டுல எங்க ஒதுங்க?
உக்காந்தா அட்டை,
எந்திரிச்சா கங்காணி.
அதான் தண்ணியும் குடிக்கிறதில்ல.
ஞாயித்துக்கெழமன்னா
கதவு வச்ச கக்கூஸ் இருக்கு வீட்ல."

பயிற்சியில் இது வரவில்லை.
உப்பைக் குறைக்கச் சொல், நடக்கச் சொல்,
மனதை லேசாக வைத்திருக்கச் சொல்.
முதுகில் மூட்டையோடு
சரிவில் ஏறி இறங்குகிறவளிடம்
நடையைப் பற்றி என்ன பேச?
உப்பு என்று தொடங்கினேன்.
தூக்குவாளி மூடியைத் திறந்தாள்:
பழைய சோறு,
அதன் நடுவே நார்த்தங்காய் ஒரு கீற்று.
இதையும் எடுத்துட்டா
எதத் தொட்டுக்கிட்டு எறக்க?

ஜீப் நகர்ந்தது.
எழுந்து ஓடினாள் ஒச்சம்மாள்.
கையில் பட்டை அப்படியே,
குழாய் நீண்டு, இயந்திரம் தொங்க.
அரசாங்க இயந்திரம்!
கையெழுத்துப் போட்டு வாங்கியது!
நானும் ஓடினேன்.
எட்டுக் கைகள் என்னை உள்ளே இழுத்தன.

வேர்வை, மழைக்கோட்டு வாசம், நேற்றைய ஏலம்.
யாரோ மடியில் நான், என் மடியில் யாரோ.
பிறகு இருட்டில் ஒவ்வொரு கையாக நீண்டது.
"எனக்கும் பாரு."
"இவளுக்குப் பாரு, ராத்திரி பூரா தலவலி."
வளைவில் அளந்தால் எண் பொய் சொல்லும்.
ஆனாலும் அளந்தேன்.
இத்தனை கைகள் ஒரே இடத்தில்
எந்தத் தெருவிலும் எனக்குக் கிடைத்ததில்லை.
ராத்திரி மாத்திரை இருக்கிறதா என்று
டாக்டரிடம் கேட்கிறேன், என்றேன்.
கேளு, என்றது இருட்டு.

கம்பம்மெட்டில் பனி.
அந்தப் பக்கம் லீலம்மா என்றொருத்தி
என்னைப்போலவே பையோடு லயன் லயனாக அலைகிறாள்.
ஒருமுறை போனில் பேசினோம்,
அவள் மலையாளம், நான் தமிழ்,
இரண்டு பேருக்கும் கால்வலி.
அவள் ஏட்டில் இவர்கள் வெளியூர்.
என் ஏட்டில் பூட்டு.
செக்போஸ்டில் ஏலக்காய்க்குச் சீட்டு உண்டு,
எவ்வளவு எடை, எங்கே போகிறது, யாருக்கு.
மேலே ஏறும் இந்த ரத்தத்தை மட்டும்
எவரும் நிறுத்திக் கேட்பதில்லை.

என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.
எதிரே வந்த பால்வண்டி கூட்டிக்கொண்டது.
முழங்காலில் ஏட்டை விரித்தேன்.
பதினாறு பெயர், பதினாறு எண்.
பக்கத்தில்: ஓய்வின்றி எடுத்தது, மறுபடி பார்க்கவும்.
மிச்சமிருந்தது வீட்டு எண் கட்டம்.
கொஞ்ச நேரம் யோசித்து
சின்னமாயன் ஜீப்பின் நம்பரை எழுதினேன்.